நூற்றில் பதினேழு

சுகிர்தபாய் மாமிக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், சாயாவைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். அம்பூரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். மே மாதத்து வெயில். பஸ் நிற்கும் இடத்திலிருந்து, பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டுக்கு அரை மைல் நடக்க வேண்டும். மாமி ரப்பர் வெட்டுகிறவர், நடைக்கு அஞ்சுகிறவர் அல்ல. ஆனாலும் வயது அறுபதை நெருங்குகிறது.

என் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர்தான். இரண்டு தம்ளர். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். சபையில் இதை என்னுடைய நல்ல குணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

மாமி குடித்து முடித்ததும் சுமி ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். சுமிக்கு மூன்றரை வயது. என் தம்பி பிஜுவின் மகள். பெற்றவள் மாமியின் மூத்த மகள் ரெஜிலா. சுமி பிறந்த இருபத்தொன்பதாம் நாள் ரெஜிலா இறந்தாள். பிஜு சார்ஜாவில் இருக்கிறான், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறான். சுமி என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை.

மாமி வந்த காரியத்தைச் சொன்னார். இளைய மகள் ரெஷ்மாவுக்குக் குன்னத்துகாலில் ஓர் இடம் கூடிவந்திருந்தது. பையன் அனூப், பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்து, சபையில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிக்கும் நேரத்தில் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்குத் தலைக்குள் ஒரு நரம்பு பிறவியிலேயே கிடையாது, மூத்தவள் முதல் பேற்றிலேயே போனது அதனால்தான் என்று. அனூப் வீட்டில் தயங்குகிறார்கள். ரெஷ்மா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் பையனுடைய தாய்மாமன் நெய்யாற்றின்கரையில் டாக்டராம், விவரம் தெரிந்தவராம். அவர் ஒரு வழி சொல்லியிருக்கிறார்.

"அந்தப் படத்தக் கொண்டாரச் சொல்லியிருக்காரு மக்கா" என்றார் மாமி. "ரெஜிலாக்கு மிஷினுல எடுத்தது. பிறவியிலே உள்ளதா, பேறுகாலத்துல ரெத்தம் கட்டினதான்னு அவருக்குப் பாத்தா தெரிஞ்சிருமாம். ரெத்தம் கட்டினதுன்னா அவளோட போச்சு, தங்கச்சிக்கு அது வராது, கல்யாணத்த நடத்தலாம்னு சொன்னாராக்கும். படம் உனக்க கையில உண்டு இல்லியா?"

"சாயா போட்டுட்டு வாறேன் மாமி" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்கு வந்தேன்.

படம் இருக்கிறது. என் அறையில் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தும் வெள்ளைச் சேலைகளுக்கு அடியில், பழுப்பு நிற உறையில். அடுப்பிலிருந்து அந்த அலமாரிக்குப் பதினொரு எட்டு. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பை மூட்டினேன். இது கொதிப்பதற்குள் நடந்ததைச் சொல்லிவிடலாம். பெரிய கதை இல்லை.

நான் ராஜபாய். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். எம்.ஆர்.ஐ. என்கிற காந்த இயந்திரம் வந்தபோது பயிற்சி கொடுத்து என்னை அதற்கு மாற்றினார்கள். காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்புவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனபோது பிஜுவுக்குப் பதினொரு வயது. அவனை வளர்த்து முடித்து நிமிர்ந்தபோது எனக்கு முப்பத்தைந்து. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்தில் விலாசினி டாக்டர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். தலைக்குள் ஓடிய ரத்தம் வெளியேறுவதற்குப் பின்மண்டையில் வலமும் இடமுமாக இரண்டு பெரிய வழிகள் உண்டு. காதுக்குப் பின்னால் வளைந்து கழுத்துக்கு இறங்கும். பாடப்புத்தகத்தில் இரண்டையும் ஒரே அளவில் வரைந்திருப்பார்கள். நிஜத்தில் அப்படி இல்லை. பலருக்கு வலது பெரியது. சிலருக்கு இடது பக்கம் கண்ணுக்கே தட்டுப்படாது. அவர்களும் எண்பது வயதுவரை நன்றாக வாழ்கிறார்கள். நம் ஊர் மனிதர்களில் எத்தனை பேருக்கு எப்படி என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, அதனால் படத்தில் இடது வழி தெரியாதபோது அது பிறவியா, ரத்தம் உறைந்து அடைத்ததா என்று குழம்புகிறோம் என்று டாக்டர் சொன்னார். எண்ணிப் பார்க்க நோயில்லாத நூறு பேர் வேண்டும்.

குழப்பத்தைத் தீர்ப்பது எப்படி என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார். நான் பாறசாலைக்காரி என்பதால் நெய்யாற்றுச் சானலை, அந்தப் பாசனக் கால்வாயை, வைத்துச் சொன்னார். ரத்தம் ஓடும் இடம் மட்டும் தெரிகிற படம் ஒன்று. அதில் இடது பக்கம் இல்லையென்றால் அங்கே ஓட்டம் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். பிறகு சாதாரண வெட்டுப் படங்களைப் பார். சானலே தோண்டப்படவில்லை என்றால் அது படைப்பு. வலதுக்குச் சமமாக அகலச் சானல் இருக்கிறது, எலும்பில் அது இறங்கும் துவாரமும் பெரிதாக இருக்கிறது, உள்ளே மட்டும் ஓட்டம் இல்லை என்றால் அது நோய். சில நாள் ஆன ரத்தக்கட்டி அந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். பிரசவமான பெண்களுக்கு இது வரும், நம் ஊரில் பெற்ற பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம், ரத்தம் தடித்துப்போகிறது என்றும் சொன்னார். நேரத்தில் கண்டுபிடித்து மருந்து ஏற்றினால் பெரும்பாலும் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார்களாம்.

இதை எல்லாம் நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நோயில்லாத நூறு பேர் கிடைக்கவில்லை. சும்மா இருக்கிறவர்கள் எதற்காகத் தலையைக் கொண்டுபோய் இயந்திரத்துக்குள் வைக்கப்போகிறார்கள்? நான் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று பேசினேன். நம் மிஷன் ஆஸ்பத்திரிகளால் வளர்ந்தவர்கள் நாம், நாமும் கொஞ்சம் திரும்பச் செய்யலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பத்துப் பத்துப் பேராக வந்தார்கள். கொண்டை ஊசி, பின்னூசி, கம்மல் எல்லாம் கழற்றுவார்கள். மின்னு கழற்ற மட்டும் மனம் வராது. சிலுவை பொறித்த சின்னத் தங்கத் தாலிதான், ஆனாலும் இயந்திர அறைக்குள் எந்த உலோகமும் கூடாது என்பது விதி. கழற்றிய நேரத்துக்குக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று நான் வெள்ளை நூல் வாங்கி வைத்தேன். ஒவ்வொருத்தியாக நூலைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார்கள். ஞானபாய் அக்கா வெளியே வந்து, சத்தம் போடும் இயந்திரத்தைக் காட்டி, "அரை மணிக்கூறு அவன் செண்டை கொட்டினான், நான் சங்கீதம் சொன்னேன். ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆளுக்கு ஒரு தாள். பெயர், வயது, எண். அதன் கீழே இரண்டு கேள்விகள்: தலைவலி உண்டா? ஆறு வாரத்துக்குள் பிரசவம் ஆனதா? இரண்டில் எதற்கு ஆம் என்று வந்தாலும் அந்த ஆளை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். தாளை நிரப்புவதும் படங்களை அச்சிடுவதும் என் வேலை. டாக்டர் வியாழக்கிழமை வந்து படித்து எழுதுவார்.

அந்த வருடம் அக்டோபரில் சுமி பிறந்தாள்.

முதல் பேறு அம்மா வீட்டில்தான் என்பது வழக்கம். மாமி ஏழாம் மாதமே அழைக்க வந்தார். நான்தான் தடுத்தேன். அம்பூரி மலைப் பக்கம், ராத்திரி ஒரு அவசரம் என்றால் வண்டி கிடைக்காது, பாறசாலையில் ஆஸ்பத்திரி நடந்துபோகும் தூரம் என்றேன். நியாயமான பேச்சு. பிஜுவும் சார்ஜாவிலிருந்து அதையே எழுதினான். பேறு முடிந்து நாற்பத்தொரு நாள் கழித்து அனுப்பிவைக்கிறேன் என்று மாமியிடம் சொன்னேன். மாமி தன் மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெய்யையும் பூண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பேறுகாலம் பார்க்க ஞானபாய் அக்கா காலையில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். ஊர் முறைப்படி எல்லாம் நடந்தது. மருந்து, பூண்டுக் குழம்பு, வேது பிடித்த குளி. தண்ணீர் மட்டும் காலையில் ஒரு தம்ளர், மாலையில் ஒரு தம்ளர். கூடக் குடித்தால் வயிறு சாடித் தொங்கிவிடும் என்பார்கள். நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆராய்ச்சி வேலைக்குப் போய் வந்தேன். தண்ணீர்ப் பானை என் பொறுப்பில் இருந்தது.

"மைனி, ஒரு மடக்கு தாருங்க. நாக்கு ஒட்டுது" என்பாள் ரெஜிலா. "உங்க ஆஸ்பத்திரியிலயும் இப்பிடித்தானா?"

"ஆஸ்பத்திரி வேற, வீடு வேற" என்பேன்.

ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தேன். இதை நான் எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊரில் எல்லா வீட்டிலும் விலாசினி டாக்டர் வந்து கற்றுக்கொடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பதினோராம் நாள் தலைவலி தொடங்கியது. பிள்ளை அழுதால் தலை பிளக்கிறது என்றாள், அதனால் பிள்ளையை என் அறைக்குக் கொண்டுவந்தேன். அது இயல்பாக நடந்தது. புட்டிப்பால் கலக்கக் கற்றுக்கொண்டேன். என் நெஞ்சில் கிடந்தால்தான் உறங்கும். பிஜுவை அவனுடைய பதினொரு வயதில்தான் நான் கையேற்றேன். அவனுக்கு அதற்கு முன்னாலேயே ஒரு அம்மா இருந்தார், அவன் காய்ச்சலில் அவரைத்தான் கூப்பிடுவான். இது அப்படி இல்லை. இதற்கு என் வாசனைதான் முதல் வாசனை. இருபது நாளுக்குள் என் குரல் கேட்டால் தலையைத் திருப்பியது.

இருபதாம் நாள் ரெஜிலா கட்டிலில் கிடந்தபடி திட்டம் சொன்னாள். பிஜு திரும்பி வரும்வரை அம்பூரியில் அம்மா வீட்டிலேயே இருக்கப்போவதாக. பிஜுவுக்கும் எழுதிவிட்டாள்.

"ரெண்டு வருஷம் கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள போயிரும். நீங்களும் பாவம், பிள்ளக் கரைச்சல் இல்லாம நிம்மதியா வேலைக்குப் போவலாம் மைனி" என்றாள். என்மேல் உள்ள கரிசனத்தில்தான் சொன்னாள்.

சரி என்றேன்.

இருபத்துநான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அவளால் வெளிச்சம் பார்க்க முடியவில்லை, இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். "சபையில உள்ள பெண்ணுவள எல்லாம் மிஷினுல போட்டியளே, என்னையும் போட்டுப் பாருங்களேன்" என்று அவளாகவே கேட்டாள். பிள்ளையை ஞானபாய் அக்காவிடம் விட்டுவிட்டு, ஒரு வாடகைக் காரில் அவளைக் கூட்டிப்போனேன். இதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அவளுக்குக் கேடு நினைத்திருந்தால் கூட்டிப்போயிருக்க மாட்டேன்.

இயந்திர அறையில் நான் மட்டும் இருந்தேன். மின்னைக் கழற்றி என் கையில் தந்தாள். நான் நூலைக் கட்டிவிட்டேன்.

"இதுக்குள்ள கெடந்தா மனசுல உள்ளதும் தெரியுமா மைனி?"

"இல்ல. ரெத்தம் ஓடுறது மட்டும்."

"அப்போ சரி" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

முதலில் ஓட்டப் படம் வந்தது. வலது பக்கம் தடித்த வெள்ளைக் கோடு, காதுக்குப் பின்னால் வளைந்து இறங்கியது. இடது பக்கம் ஒன்றும் இல்லை. நான் பதறவில்லை. அறுபது பேரில் பத்துப் பேருக்கு அப்படிப் பார்த்திருந்தேன். பிறகு வெட்டுப் படங்கள் வந்தன. இடது காதுக்குப் பின்னால் சானல் இருந்தது. வலதைவிட ஒரு நூல் அகலம் கூடவே இருக்கும். எலும்பில் துவாரமும் பெரிதாக இருந்தது. சானல் முழுக்க வெள்ளையாக, சுண்டுவிரல் தடிமனில், கட்டி நின்றது.

மேசையில் போன் இருந்தது. அவசரப் பிரிவின் எண் இரண்டே இலக்கம். அங்கே அன்றைக்கு ஒரு டாக்டர் இருந்தார், நடந்துபோனாலும் இரண்டு நிமிடம். நான் போன் மேல் கையை வைத்தேன். கை வைத்தது நிஜம். அப்போது என் மனதில் வந்தது அவள் முகமோ, விலாசினி டாக்டர் சொன்னதோ அல்ல. நாற்பத்தொன்றுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது என்று வந்தது.

போனிலிருந்து கையை எடுத்துத் தாளை இழுத்தேன். எண் அறுபத்தொன்று. தலைவலி: இல்லை. ஆறு வாரத்துக்குள் பிரசவம்: இல்லை. ஓட்டப் படத்தை இரண்டு பிரதி அச்சிட்டேன். ஒன்றைக் கோப்பில் வைத்தேன். வெள்ளைக் கட்டி தெரிகிற வெட்டுப் படத்தை ஒரு பிரதி அச்சிட்டு, கோப்பில் வைக்காமல், மற்ற பிரதியோடு சேர்த்து என் பைக்குள் வைத்தேன். அதை ஏன் அச்சிட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இயந்திரத்திலிருந்து அழித்துவிட்டு வந்திருக்கலாம். பிறகு அழித்தேன், ஆனால் அச்சிட்ட பிறகுதான்.

அவள் எழுந்து வந்ததும் ஓட்டப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். "பயப்படாதே. இடப்பக்கத்து நரம்பு உனக்குப் பிறவியிலேயே இல்ல. நிறைய பேருக்கு உண்டு. இதால ஒண்ணும் வராது" என்றேன்.

அவளுக்குப் பெரிய நிம்மதி. "அப்போ எனக்க தலையில இடப்பக்கம் ரோடே போடல்லியா? பஞ்சாயத்துல சொல்லணும்" என்றாள். காரில் வரும்போது தலையை என் தோளில் சாய்த்து உறங்கினாள். தலை கனமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும், அதனால் அந்த ஐந்து நாளைச் சொல்கிறேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலையில் ஒரு தம்ளர், மாலையில் ஒரு தம்ளர். வலிக்கு மாத்திரை கொடுத்தேன். புதன்கிழமை அவள் வலது கையால் தம்ளரைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக் குடிக்க வைத்தேன். வியாழக்கிழமை, ஞானபாய் அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு, டாக்டர் படம் படிக்கும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லீவில்தான் இருந்தேன், போக வேண்டிய அவசியம் இல்லை. டாக்டர் அறுபத்தொன்றாம் எண்ணை விளக்குப் பலகையில் மாட்டி, கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். வெட்டுப் படம் எங்கே என்றார். அந்தத் தாள் சரியாக விழவில்லை, நான் பார்த்தேன், சானல் இல்லை என்றேன். என்னை அவர் அவ்வளவு நம்பினார்.

"இயாளுக்கு தலவேதன ஒண்ணும் இல்லல்லோ, ராஜபாய்?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றேன்.

இடது காணப்படவில்லை என்ற வரிசையில் அவர் ஒரு கோடு போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ரெஜிலா தண்ணீர் கேட்டாள். இரண்டு தம்ளர் கொடுத்தேன். வழக்கத்தை மீறியது அந்த ஒரு நாள்தான். "இண்ணைக்கு என்ன மைனி, மனசு இளகிட்டு" என்றாள். நாக்கு குழறியது. பத்து மணிக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்தது. பேறுகால ஜன்னி என்று எழுதினார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெற்ற பெண் இறந்தால் அதற்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், மாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் மகளுக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. உறையிலிருந்து ஓட்டப் படத்தை மட்டும் எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இதோ வலது இருக்கிறது, இடது பிறவியிலேயே இல்லை, ஆண்டவர் படைத்தது அப்படி என்று காட்டினேன். மாமி தடவிப் பார்த்தார். அழுகை நின்றது. அந்த ஆறுதலை அவர் அம்பூரிக்குக் கொண்டுபோனார். ரப்பர் தோட்டத்தில், சபையில், பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னார். நாத்தூன்காரி என் மகளைப் பெரிய மிஷினில் போட்டுப் பார்த்தாள், அதற்கு மேல் ஒருத்தி என்ன செய்ய முடியும் என்று என்னைப் பற்றியும் சேர்த்துச் சொன்னார். சொன்னது குன்னத்துகால்வரை போய், மூன்றரை வருடம் கழித்து ரெஷ்மாவின் கல்யாணத்தின் குறுக்கே வந்து நிற்கிறது.

விலாசினி டாக்டரின் கட்டுரை போன வருடம் வந்தது. எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் என் பெயர் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார். நோயில்லாத நூறு பேரில் இடது வழி காணப்படாதவர்கள் பதினேழு பேர். பதினாறு என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கோ ஒரு டாக்டர் இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து, இது பிறவியாக இருக்கும் என்று வீட்டுக்கு அனுப்பக்கூடும் என்று சில நாள் தோன்றும். நூற்றில் ஒன்று சிறிய பிசகு என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

தண்ணீர் கொதித்தது. தேயிலையைப் போட்டு மூடினேன்.

படத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்தேன். ஓட்டப் படத்தை மட்டும் கொடுத்தால் விவரம் தெரிந்தவர் மற்றது எங்கே என்பார். இரண்டையும் கொடுத்தால் அவர் ஒரு நிமிடத்தில் கட்டியைப் பார்ப்பார். ரெஷ்மாவின் கல்யாணம் நடக்கும். மூலையில் தேதியும் ஆஸ்பத்திரியின் பெயரும் அச்சாகியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தில் இவ்வளவு பெரிய கட்டி, வெள்ளிக்கிழமைவரை என்ன செய்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. போலீஸ், வேலை, சபை, இவற்றுக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. பிஜு கேட்டால்கூடத் தலையைக் குனிந்து நின்றுவிடுவேன். ஆனால் அன்றைக்கே மாமி சுமியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு நான் இன்னும் தயாராகவில்லை.

ஒரு நாள் சொல்வேன். சுமி பெரியவளானதும் அவளிடமே சொல்வதாக ஆண்டவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். திருவிருந்து நாளில் நான் அப்பம் எடுப்பதில்லை. மூன்றரை வருடமாகப் பின்வரிசையில் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை அழுவாள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

சாயாவை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். மாமி ஓலை விசிறியால் சுமிக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவள் அவர் மடியில் உறங்கிப்போயிருந்தாள்.

"படம் இல்ல மாமி" என்றேன்.

மாமி விசிறியை நிறுத்தினார். "அண்ணைக்கு நீ சன்னல்ல பிடிச்சுக் காட்டினியே, அது?"

"ஈரம் பட்டு ஒட்டிப்போச்சு. ஆஸ்பத்திரியிலயும் மூணு வருஷத்துக்கு மேல வைக்க மாட்டாவ."

அவர் சாயாவைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு, "அப்போ ஒண்ணு செய்யலாமா மக்கா? நீயே வந்து அந்த டாக்டருகிட்ட ஒரு வார்த்த சொல்லு. நீ பாத்தவளாக்கும். நான் பாத்தேன், பேறுகாலத்துல வந்ததுதான், பிறவியிலே உள்ளது இல்லன்னு மட்டும் சொன்னாப் போரும்" என்றார். கொஞ்சம் தாழ்ந்த குரலில், "பொய்தான். கர்த்தர் பொறுத்துக்கிடுவாரு. ஒரு பெண்ணுக்க வாழ்வு இல்லியா" என்றார்.

என்னிடம் ஒரு பொய்யைக் கேட்பதாக நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைப் பார்க்காமல் சாயாவைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"என்னால பொய் சொல்ல முடியாது மாமி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபிக்கவில்லை. "நீ சொல்ல மாட்டன்னு தெரியும். அப்பிடி வளந்தவ இல்ல நீ" என்றார். "போட்டும். உனக்க தம்பி பெண்டாட்டிக்கு நீ செய்ததே பெரிசு." இன்னும் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.

நான்கு மணிப் பஸ்ஸுக்கு அவர் புறப்பட வேண்டும். ரெஷ்மாவுக்கு இருபத்துமூன்று வயதுதான், வேறு இடம் வரும், அவளுக்குப் பார்த்துச் செய்ய அம்மா இருக்கிறார், சுமிக்குத்தான் என்னை விட்டால் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டே, மாமியின் மடியிலிருந்து அவளை மெதுவாகத் தூக்கினேன். உறக்கத்திலும் அவள் மாமியின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது.